பர்னாந்து வீட்டுப் பிள்ளைக்கு பெர்டினாண்ட் என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி:

எங்களுக்குத் தூத்துக்குடி. என் கணவர் வீட்டார் பர்னாந்து. எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அடுத்த மாதம் ஞானஸ்நானம். மாமனார் தன்னுடைய அப்பாவின் பெயரான பெர்டினாண்ட் என்பதைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அர்த்தம் தேடப் போய்க் குழம்பிவிட்டேன். ஓர் இணையதளம் ‘துணிச்சலான பயணி’ என்கிறது. இன்னொன்று ‘அமைதிக்காகப் போராடும் வீரன்’ என்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர், இதற்குள் இருப்பது நம் ‘ஆனந்தம்’தான் என்று எழுதினார். என் தம்பியோ, “பெர்டினாண்டும் பர்னாந்தும் ஒரே பெயர்தானே, பிள்ளையை ஒரே பெயரால் இரண்டு தடவை கூப்பிடப் போகிறீர்களா?” என்கிறான். இது போர்த்துகீசியப் பெயரா, ஜெர்மன் பெயரா? அழைப்பிதழில் பெயரின் பொருளையும் அச்சிட ஆசை. எதைப் போடுவது?

— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தைக்கும் உங்களுக்கும் வாழ்த்து. ஞானஸ்நானம் நெருங்கிவிட்டதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமனார் சொன்ன பெயரையே வையுங்கள். உங்கள் தம்பி சொன்னது உண்மை, இரண்டும் ஒரே பெயர்தான். ஆனால் அது ஒரு தடையே இல்லை. ஆனந்தத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு கிடையாது. இணையத்தில் கிடைத்த இரண்டு பொருளில் எதையும் அப்படியே அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஏன் என்று இனி விளக்கமாகச் சொல்கிறேன். பழைய ஜெர்மானிய மொழிகளின் வரலாற்றைக் கற்பிப்பது என் தொழில். அந்தப் பாடத்தில் வரும் பெயர்களில் உங்கள் வீட்டுப் பெயர் அளவுக்கு ஊர் சுற்றிய பெயர் குறைவு.

போர்த்துகீசியமா ஜெர்மனா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடற்கரைக்கு இது போர்த்துகீசியர் வாயிலாக வந்தது. ஆனால் போர்த்துகீசிய மொழிக்கே இது வெளியிலிருந்து வந்த பெயர். கொண்டுவந்தவர்கள் கோத்தியர்கள். ஜெர்மன், ஆங்கிலம், ஸ்வீடிஷ் எல்லாம் சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் கோத்திக் ஒரு தனிக் கிளை. அது பேச்சில் இல்லாமல் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆகவே இதை ‘ஜெர்மன் பெயர்’ என்று சொல்வது சரியாகாது, ‘ஜெர்மானியப் பெயர்’ என்று சொல்ல வேண்டும். இன்றைய ஜெர்மனிக்கு இந்தப் பெயர் போய்ச் சேர்ந்த கதை வேறு. அதுதான் இதில் மிக அழகான பகுதி, பிறகு வருகிறேன்.

மேற்குக் கோத்தியர்கள் 410-இல் அலாரிக் தலைமையில் ரோம் நகரைச் சூறையாடியவர்கள். 418-இல் இன்றைய பிரான்ஸின் தென்மேற்கில் குடியமர்ந்தார்கள். 507-இல் ஃபிராங்கியர் என்ற இன்னொரு ஜெர்மானியக் கூட்டத்திடம் தோற்று, ஸ்பெயின் பக்கம் ஒதுங்கி, தொலேதோ நகரைத் தலைநகராக்கி ஆண்டார்கள். இயேசு தந்தைக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் கொள்கையைப் பின்பற்றிய கிறிஸ்தவர்களாக இருந்த அவர்கள், மன்னர் ரெக்காரேது காலத்தில், 589-ஆம் ஆண்டு தொலேதோவில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் கத்தோலிக்கத்தை ஏற்றார்கள். அதன்பின் ஆண்ட கோத்தியருக்கும் ஆளப்பட்ட மக்களுக்கும் நடுவில் இருந்த சுவர் தளர்ந்தது. கோத்திக் மொழி மெல்ல மறைந்து, எல்லாரும் லத்தீனின் பேச்சு வடிவத்தையே பேசினார்கள். மொழிதான் போயிற்று, பெயர்கள் போகவில்லை. கோத்திய இரத்தம் இல்லாத குடும்பங்களும் பிள்ளைகளுக்கு ரொட்ரிகோ, அல்போன்சோ, கோன்சாலோ, ராமிரோ, பெர்னாண்டோ என்று வைத்தார்கள். 711-இல் முஸ்லிம் படையிடம் தோற்ற கடைசிக் கோத்திய மன்னரின் பெயரே ரொட்ரிகோதான். ஆட்சி முடிந்த பின்னும் வடக்கே மிஞ்சிய சின்னச் சின்னக் கிறிஸ்தவ அரசுகளில் இந்தப் பெயர்கள் முன்பைவிட அதிகமாகப் பரவின. போர்த்துக்கல் பிறந்தது அந்த மண்ணில்தான்.

சரி, பொருளுக்கு வருவோம். பெயர் இரண்டு துண்டுகளால் ஆனது. பின்துண்டில் கருத்து வேறுபாடு இல்லை. கோத்திக்கில் ‘நந்த்’ என்பது துணிதல், துணிந்து இறங்குதல் என்ற கருத்துள்ள வேர். இதை ஊகமாகச் சொல்லவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோத்திக்கில் மொழிபெயர்த்தார். அதன் புகழ்பெற்ற படி ஒன்று, ஊதாத் தோலில் வெள்ளி மையால் எழுதியது, இன்றும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மாற்கு நற்செய்தி 15-ஆம் அதிகாரம் 43-ஆம் வசனத்தைப் பாருங்கள். இயேசுவின் உடலைக் கேட்பதற்காக அரிமத்தியா யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் போகிறார். அந்தத் ‘துணிந்து’ என்ற இடத்தில் வுல்ஃபிலா எழுதிய சொல் ‘அனநந்த்யந்த்ஸ்’. நடுவில் இருக்கும் ‘நந்த்’தான் உங்கள் பர்னாந்தில் உள்ள ‘னாந்து’. மாற்கு எழுதிய பாடுகளின் வரலாற்றில் இந்தப் பெயரின் பாதி ஒளிந்திருக்கிறது. போர்க்களத்து வீராப்பாக இல்லாமல், எல்லாரும் ஓடிப்போன பிறகு ஒரு மனிதர் செய்த துணிச்சலைச் சொல்ல அந்தச் சொல் அங்கே பயன்பட்டிருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசைத் தொடும்.

சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல இதுவே இடம். ‘நந்த்’ என்ற ஒலியைக் கேட்டால் நந்தன், ஆனந்தம் எல்லாம் நினைவுக்கு வருவது இயல்பு. சமஸ்கிருதமும் கோத்திக்கும் ஒரே பெரிய மொழிக் குடும்பத்தின் கிளைகள் என்பதும் உண்மை. ஆனால் உறவுள்ள சொற்கள் ஒலியில் அப்படியே ஒத்திருக்காது, ஒரு முறைப்படி மாறியிருக்கும். கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் 1822-இல் இந்த முறையை விரிவாக எழுதிக் காட்டினார். சமஸ்கிருதத்தில் ‘தச’ என்பது ஆங்கிலத்தில் ‘டென்’, ‘த்வி’ என்பது ‘டூ’. அதாவது அங்கே மெலிந்த ‘த’ இருந்தால் இங்கே ‘ட’ வர வேண்டும். ஆனந்தத்தின் வேர் ஜெர்மானியத்துக்கு வந்திருந்தால் அது ‘நண்ட்’ என்று முடிந்திருக்கும். கோத்திக்கில் இருப்பது அதுவல்ல, ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொட்டு வரும் ஒலி. ஆகவே ஒற்றுமை தற்செயல்.

சித்தப்பா ஏமாற வேண்டாம். அவர் தேடிய உறவு பெயரின் முன்துண்டில் இருக்கக்கூடும்.

முன்துண்டில்தான் அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள், நீங்கள் பார்த்த இரண்டு இணையதளங்களும் பிரிந்தது அங்கேதான். ஒரு கருத்துப்படி அது ‘ஃபர்தி’, பயணம். ஜெர்மன் மொழியில் இன்றும் பயணத்துக்கு ‘ஃபார்ட்’ என்பார்கள். ஆங்கிலத்தில் படகுச் சேவைக்குச் சொல்லும் ‘ஃபெர்ரி’யும் இதே வேர். கோத்திக் விவிலியத்தில் சீடர்கள் ஏரியில் படகோட்டிப் போவதைச் சொல்லும் வினையும் இதிலிருந்து வந்ததுதான். கடலோரக் குடும்பத்துக்கு இது பிடித்துப் போவதில் வியப்பில்லை.

இன்னொரு கருத்துப்படி அது ‘ஃப்ரிது’. அமைதி என்று பெயர்க்கிறார்கள். சண்டை இல்லாத நிலை என்பதைவிட இது கொஞ்சம் பெரியது: உறவுக்குள், சட்டத்துக்குள் ஒருவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ஒருவரையொருவர் காக்கும் கடமை. பிரெடெரிக், வில்ஃப்ரெட், காட்ஃப்ரி எல்லாவற்றிலும் இருப்பது இதே சொல். (ஆல்ஃப்ரெட்டைச் சேர்த்துவிடாதீர்கள். அது ஆல்ஃப், ரெட் என்று பிரியும், வேறு சொற்கள்.) இதன் அடிவேர் அன்பு கொள்ளுதல். முன்பு சொன்ன ஒலி முறைப்படி சமஸ்கிருதப் ‘ப’ ஜெர்மானியத்தில் ‘ஃப’ ஆகும்: பிதா என்பது ஃபாதர், பாதம் என்பது ஃபுட். அப்படியே ‘ஃப்ரி’க்கு அந்தப் பக்கத்தில் இணை ‘ப்ரி’. பிரியம், பிரீதி என்று நாம் அன்றாடம் சொல்லும் சொற்கள் அந்த வேரில் பிறந்தவை. ஆனந்தம் கிடைக்காவிட்டாலும் பிரியம் கிடைக்கிறது என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

இரண்டில் எது? நான் ‘ஃப்ரிது’ பக்கம்தான் நிற்பேன். காரணம் பழைய எழுத்து. 10-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் காஸ்தில் பகுதியை ஆண்ட கோமகன் பெர்னான் கோன்சாலஸ் 970-இல் இறந்தார். அவர் காலத்து லத்தீன் ஆவணங்களில் அவர் பெயர் ‘ஃப்ரெதெனாந்து’, ‘ஃப்ரெதினாந்து’ என்ற வகையில் வருகிறது. ‘ஃப்ரெ’ புரண்டு ‘ஃபெர்’ ஆவது வாய்மொழியில் சர்வ சாதாரணம். பிறகு நடுவில் இருந்த ‘தி’ தேய்ந்து ‘பெர்னாந்து’ ஆகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ‘ஃப்ரிது’ பழைய ஜெர்மானியப் பெயர்களில் நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. பயணத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லோ பெயர்களில் அபூர்வம். மறுதரப்பாருக்கும் பதில் இருக்கிறது: பழகிய ‘ஃப்ரெது’வைப் பார்த்து எழுத்தர்கள் ‘ஃபெர்த்’தை மாற்றி எழுதியிருக்கலாமே என்பார்கள். அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. அதனால்தான் இரண்டு விளக்கமும் இன்றுவரை நூல்களில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதைவிட எளியது. இரண்டு துண்டுகளையும் ஒட்டி ‘அமைதிக்காகப் போராடும் வீரன்’ என்று ஒரு வாக்கியம் செய்வதே தவறு. பழைய ஜெர்மானியர் பெயர் வைத்த முறை அது அல்ல.

அவர்களிடம் பெயருக்கென்று ஒரு சொல் கையிருப்பு இருந்தது: புகழ், போர், வெற்றி, அமைதி, ஓநாய், ஈட்டி, செல்வம், காவல், துணிவு. பிள்ளை பிறந்ததும் அதிலிருந்து ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சேர்த்தார்கள். சேர்ந்து என்ன பொருள் வருகிறது என்று பார்க்கவில்லை, யார் பெயரிலிருந்து எது வருகிறது என்று பார்த்தார்கள். இங்கிலாந்தில் வூஸ்டர் நகர ஆயராக இருந்து 1095-இல் இறந்த புனித வுல்ஃப்ஸ்டன் இதற்கு நல்ல சான்று. அப்பா பெயர் எதெல்ஸ்டன். அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு. அம்மாவிடமிருந்து ‘வுல்ஃப்’, அப்பாவிடமிருந்து ‘ஸ்டன்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஓநாய்க் கல்’. எந்தப் பெற்றோரும் பிள்ளையை ஓநாய்க் கல் என்று வாழ்த்த மாட்டார்கள். இவன் எங்கள் இருவருடைய பிள்ளை என்று சொல்லும் பெயர் அது.

கோத்தியரிடமும் இதேதான். 5-ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கோத்தியரை ஆண்ட மூன்று சகோதரர்கள் வாலமிர், தியூதிமிர், விதிமிர். நம் வீடுகளில் ரமேஷ், சுரேஷ், மகேஷ் என்று அண்ணன் தம்பிகளுக்கு வைப்பதைப் போலத்தான். தியூதிமிரின் மகனுக்கு அப்பா பெயரின் முன்பாதியை எடுத்துத் தியூதரிக் என்று வைத்தார்கள். இத்தாலியை ஆண்ட மன்னர் தியோடரிக் அவர்தான். ஸ்பெயினை ஆண்ட கிந்தஸ்வின்த் மன்னரின் மகன் ரெக்கஸ்வின்த்.

துண்டுகளை வாக்கியமாக்கக் கூடாது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று வேண்டுமா? 6-ஆம் நூற்றாண்டு ஃபிராங்கிய அரசி ஃப்ரெதெகுந்தின் பெயரில் முன்பாதி அமைதி, பின்பாதி போர். ஹில்டகுந்த் என்ற பெயரில் இரண்டு பாதியுமே போர். இவற்றுக்கு ‘அமைதிப் போர்’, ‘போர்ப் போர்’ என்றா பொருள் எழுதுவது? பெயர்ப் பொருள் சொல்லும் இணையதளங்கள் பெரும்பாலும் செய்வது இந்த ஒட்டுவேலைதான். ‘போராடும்’ என்ற சொல் உங்கள் பெயரின் எந்தப் பகுதியிலும் இல்லை. ‘வீரன்’ என்பதும் இல்லை. துணிவு இருக்கிறது. அமைதி பெரும்பாலும் இருக்கிறது. அவ்வளவே.

அப்படியானால் இந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக எதைச் சுமந்து வந்தது? அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால் உங்கள் மாமனார் கேட்பது அப்படியே அதுதான்.

முன்பு சொன்ன கோமகன் பெர்னானின் கொள்ளுப்பேத்திக்கு ஒரு மகன் பிறந்தான். தாய்வழி முன்னோரின் பெயரை அவனுக்கு வைத்தார்கள். அவர்தான் 1037 முதல் லெயோன் நாட்டை ஆண்ட முதலாம் பெர்னாண்டோ, 1065-இல் இறந்தார். அரசர் பெயர்களில் இது நுழைந்தது அங்கேதான். அதிலிருந்து காஸ்திலில் இது அரசர் வீட்டுப் பெயர்.

15-ஆம் நூற்றாண்டுக்கு வாருங்கள். அரகோன் நாட்டு மன்னர் முதலாம் பெர்னாண்டோ 1416-இல் இறந்தார். அவருடைய மகன் வழிப் பேரனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பேரன்தான் அரசி இசபெல்லாவை மணந்த பெர்னாண்டோ, கொலம்பஸை அனுப்பிய தம்பதி. அவர்களுடைய மகள் ஹுவானாவுக்கு 1503-இல் அல்காலா தெ எனாரெஸ் ஊரில் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கும் தாத்தாவின் பெயர். ஸ்பெயினில் ஸ்பானிய மொழி பேசி வளர்ந்த அந்தப் பையனுடைய அண்ணன்தான் பேரரசர் ஐந்தாம் கார்ல். அண்ணன் ஸ்பெயினுக்கு வந்தார், தம்பி 1518-இல் ஸ்பெயினை விட்டுக் கிளம்பினார். பிறகு ஆஸ்திரிய நாடுகள் அவர் கைக்கு வந்தன. ஜெர்மானியர் வாயில் அவர் பெயர் ‘ஃபெர்டினாண்ட்’ ஆயிற்று. அதற்கு முன் ஜெர்மன் பேசும் நாடுகளில் அது வழக்கமான பெயர் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மானியக் கூட்டம் ஸ்பெயினுக்கு எடுத்துப்போன பெயர், ஸ்பானிய இளவரசர் ஒருவரோடு ஜெர்மானியரிடமே திரும்பி வந்தது. அவருடைய மகன் வழிப் பேரன்தான் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட். தாத்தா, பேரன், அந்தப் பேரனின் பேரன், அவருடைய பேரன் என்று நான்கு பேர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊர்ப் பழக்கம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், இந்தப் பெயர் உயிரோடு இருப்பதற்கே அந்தப் பழக்கம்தான் பெரிய காரணம்.

பெயரின் பொருள் ஆளின் விதியை எழுதாது என்பதற்கும் இவர்களே சாட்சி. ஆஸ்திரியாவுக்கு வந்த முதலாம் ஃபெர்டினாண்ட், 1555-இல் கத்தோலிக்கருக்கும் லூத்தரியருக்கும் நடுவே ஆக்ஸ்பர்க் சமாதானத்தைப் பேசி முடித்தவர். பேரன் இரண்டாம் ஃபெர்டினாண்டின் ஆட்சி முழுவதும் முப்பதாண்டுப் போரில் கழிந்தது. அவர் மகன் மூன்றாம் ஃபெர்டினாண்ட் காலத்தில், 1648-இல், அந்தப் போர் முடிவுக்கு வந்தது. 1914-இல் சரயேவோவில் சுடப்பட்ட இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் பெயரும் இந்தக் கொடியில் வந்ததுதான்.

இப்போது உங்கள் கடற்கரை. முத்துக்குளித்துறை மக்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றார்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது 1542-இல். அந்த நாட்களில் வந்து சேர்ந்த போர்த்துகீசியப் பெயர்கள்தான் பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், பெரேரா, மச்சாது எல்லாம். இவற்றில் எல்லாமே கோத்தியருடையவை அல்ல. பெரேரா என்பது பேரிக்காய் மரம், மச்சாது என்பது கோடரி, இரண்டும் லத்தீன் வழியில் வந்தவை. பர்னாந்தும் ரொட்ரிகோவும் உறுதியாக ஜெர்மானியம். கோமஸ் பெரும்பாலும் அப்படியே, கோத்திக்கில் மனிதனைக் குறிக்கும் ‘குமா’விலிருந்து வந்தது.

உங்கள் ஊர்க்காரர்களே பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். போர்த்துக்கல்லில் பெர்னாண்டோ என்பது ஆளுக்கு வைக்கும் பெயர். குடும்பப் பெயர் வேண்டுமானால் ‘பெர்னாண்டஸ்’ என்பார்கள், ‘பெர்னாண்டோவின் மகன்’ என்று அர்த்தம். கோவாவிலும் மங்களூரிலும் அதே வழக்கம், அங்கே பெர்னாண்டஸ் குடும்பங்கள் ஏராளம். தூத்துக்குடிப் பக்கத்திலும் இலங்கையிலும் மட்டும் ஆளின் பெயரே அப்படியே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. நீர்கொழும்பு, மொறட்டுவை பக்கம் போனால் தெருவுக்குத் தெரு பெர்னாண்டோ.

ஆக, தம்பியின் கேள்விக்குப் பதில்: ஆமாம், ஒரே பெயர்தான். உலகைச் சுற்றக் கிளம்பிய மெகல்லனை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துகீசியருக்கு அவர் பெர்னாவோ, ஸ்பானியருக்கு பெர்னாண்டோ, நம் பள்ளிப் பாடத்தில் பெர்டினாண்ட். ‘பெ’ என்று தொடங்க வேண்டும் என்றுகூட இல்லை. ஸ்பானியத்தில் முதல் ஒலி தேய்ந்து ‘எர்னான்’, ‘எர்னாந்தோ’ என்றும் ஆயிற்று. மெக்சிகோவைப் பிடித்த கோர்தெஸின் பெயர் அந்த வடிவம். கத்தலானில் ஃபெர்ரான், இத்தாலியில் ஃபெர்ரான்தெ.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் என்ன? ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் பெர்னாண்டோ பெர்னாண்டஸ், கோன்சாலோ கோன்சாலஸ், மார்ட்டின் மார்ட்டினஸ் எல்லாம் மிகப் பழைய வழக்கு. அப்பா பெயரும் மகன் பெயரும் ஒன்றாக இருந்தால் அப்படித்தான் வரும், யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. உங்கள் பிள்ளைக்கு இன்னும் வசதி, ஒன்று போர்த்துகீசிய உருவம், இன்னொன்று ஆஸ்திரியா போய்வந்த உருவம். காதுக்கும் வேறுவேறாக ஒலிக்கிறது. வகுப்பில் யாரும் கேலி செய்ய வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியும் அடுத்தடுத்து வருவது உறுத்தினால், நடுவில் அந்தோணி சேருங்கள். இது சும்மா நிரப்பச் சொல்வதல்ல. உங்கள் பக்கத்தில் உவரி முதல் கச்சத்தீவு வரை மக்கள் தேடிப் போகும் பதுவை அந்தோனியாரின் ஞானஸ்நானப் பெயர் என்ன தெரியுமா? பெர்னாண்டோ. 1195 வாக்கில் லிஸ்பனில் பிறந்தவர். கொயிம்ப்ரா நகரில் துறவியாக இருந்தபோது, மொரோக்கோவில் மறைசாட்சிகளாக இறந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. அது அவரை உலுக்கியது. 1220-இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து அந்தோணி என்ற பெயரை எடுத்துக்கொண்டார். 1231-இல் பதுவையில் இறந்தார், ஓராண்டு முடியும் முன்பே புனிதராக அறிவிக்கப்பட்டார். போர்த்துக்கல்லில் இந்தத் தொடர்பு எல்லாருக்கும் தெரியும். 1888-இல் லிஸ்பனில், அந்தோனியார் திருநாளான ஜூன் 13 அன்று பிறந்த கவிஞர் பெசோவாவுக்குப் பெர்னாண்டோ அந்தோணியோ என்று இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்தார்கள்.

பாதுகாவலர் யார் என்று பங்குத்தந்தை கேட்டால் இன்னொருவரையும் சொல்லலாம். காஸ்தில் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ, 1252-இல் செவில் நகரில் இறந்தவர். 1671-இல் புனிதர் பட்டம் பெற்றார். திருநாள் மே 30. எனக்குக் கேட்டால் அந்தோனியாரைத்தான் சொல்வேன். மன்னரின் புகழ் பெரும்பாலும் போர்களில் வந்தது, அந்தோனியார் உங்கள் ஊரில் ஏற்கெனவே வீட்டு ஆள்.

அழைப்பிதழுக்கு இப்படி எழுதலாம்:

‘பெர்டினாண்ட்: பழைய கோத்திக் மொழியில் பிறந்த பெயர். அமைதி, துணிவு என்ற சொற்களின் வழி வந்தது. பதுவை அந்தோனியார் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர். குழந்தையின் கொள்ளுத்தாத்தாவின் பெயர்.’

அமைதிக்கும் துணிவுக்கும் நடுவில் காற்புள்ளி இருக்கட்டும், இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்க வேண்டாம். இடம் குறைவு என்று அச்சகத்தில் சொன்னால் வெட்ட வேண்டியது கோத்திக்கை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், மாமனார் முதலில் தேடுவது அதைத்தான்.

ஒரே ஒரு நடைமுறை யோசனை. இந்தப் பெயரைத் தமிழில் பெர்டினாண்ட், பெர்டினாந்து, பெர்தினாந்து, பெர்டினன்ட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலும் கடைசி எழுத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் பழைய ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் அதில் இருக்கும் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அதனால் அவசரப்பட்டு யாரோ எழுதிக்கொடுக்கும்படி விடாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுப் பெயரையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, ஒரு படி பதிவு அலுவலகத்துக்கு, ஒரு படி பங்குத்தந்தைக்கு என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.